சிந்தாத பால்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது என் காலைப் பற்றி அல்ல. "அன்னைக்கு ஒரு சொட்டுப் பால்கூட சிந்தலையாமே, நெசமாவா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். ஆமாம், சிந்தவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. காலுக்கு என்ன நடந்தது என்று யாரும் முறையாகக் கேட்டதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். எங்கள் தோட்டங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற யாராவது ஒருவர் படித்தால் போதும்.

என் பெயர் யோகேஸ்வரி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் மேல் டிவிசன். பெயர் பதிந்த நாளிலிருந்து கொழுந்து எடுக்கிறவள். ஓ.எல். பரீட்சை வரை படித்தவள் என்பதால் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு என்ன எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள், நாலு வார்த்தை ஏச்சும் வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் தங்கராஜ் அதற்கு நேர்மாறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்கச் செடியோடு இருந்து இருந்து மனுஷரோடு பேசுவதே மறந்துவிட்டதோ என்று நான் கேலி செய்வேன். ஒரே மகள் சுகந்தி, பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை. நாங்கள் மூன்று பேர்தான் குடும்பம்.

முதலில் வலது முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு குடைச்சல். மலையில் ஏறி இறங்குகிறவளுக்கு முழங்கால் வலிக்காவிட்டால்தான் அதிசயம். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது பார்த்தால் எங்கள் பெண்களில் பாதிப்பேர் ஒரு காலைத் தாங்கித்தான் நிற்போம். அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மற்ற வலியெல்லாம் படுத்தால் விடும், இது படுத்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். வித்தியாசம் இவ்வளவுதான். அது அப்போது எனக்குத் தெரியாது.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் பெனடோல் மாத்திரையும் தேய்க்கிற மருந்தும் கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஹாலிஎலப் பக்கம் கை கால் முறிவு பார்க்கிற நாட்டு வைத்தியர் ஒருவர் இருந்தார், ராசியான கை என்று பெயர். அவர் சுளுக்கு என்று சொல்லி இலை வைத்துக் கட்டி, ஒரு போத்தல் எண்ணெயும் தந்தார். அதன் பிறகு என் வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்து முகம் கழுவியதும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து, எண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பார். அவருடைய கை கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, ஆனால் அப்போது அவ்வளவு மெதுவாகப் படும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு அப்படிப் பணிவிடை செய்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். வீக்கம் கூடக் கூட எண்ணெயையும் கூட்டினோம்.

தீபாவளிக்கு வந்த சுகந்தி என் காலைப் பார்த்துவிட்டு வீட்டையே இரண்டாக்கினாள். "என்னம்மா இது, பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கு, எண்ணெய தேச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க!" அவள் போட்ட சத்தத்தில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருப்பது ஒரு தனி உத்தியோகம். இருட்டோடு பஸ் ஏறி வந்து நம்பர் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு இடத்தை விட்டு எழும்பக் கூடாது. பக்கத்தில் இருப்பவருடைய நோய் வருத்தம், அவருடைய மருமகளின் குணம், அவர் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடம் எல்லாம் நமக்கு மனப்பாடமாகிவிடும். நம் முறை வருகிறபோது சொல்ல வந்தது மறந்துபோகும். நான் மறந்தாலும் டொக்டர்மாருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டுமென்று சுகந்தி எல்லாவற்றையும் சிங்களத்தில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், தலை நரைத்த இன்னொரு டொக்டரைக் கூட்டிவந்தார். ஒரு டொக்டர் பார்க்கிற படத்தை இரண்டு டொக்டர் பார்த்தால் நல்ல செய்தி இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. நரைத்தவர்தான் எலும்பு டொக்டர். என் காலைத் தொட்டு, எண்ணெய்ப் பிசுக்கை விரலில் பார்த்து, "தேச்சீங்களா?" என்று தமிழில் கேட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எலும்புக்குள் கட்டி இருக்கிற காலைத் தேய்க்கவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது என்றார் டொக்டர். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அடுத்து ஸ்கேன். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அசையாதே என்பார்கள். கத்தி கித்தி ஒன்றும் கிடையாது, சத்தம் மட்டும்தான், தேயிலை ஃபெக்டரியில் ரோலருக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி. அதற்கும் பிறகு பயொப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த இன்னொரு ஊசியைக் கட்டிக்குள் விட்டு, துணுக்கு எடுத்துச் சோதிப்பது. என்ன கட்டி என்று அதைப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். வலிக்காது என்றார்கள். வலித்தது. முடிவு வருகிற வரைக்கும் லயத்தில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "அந்த வருத்தமா இருக்காது யோகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த வருத்தம்தான். எலும்பின் முனையில் இருக்கிற குருத்தெலும்பிலிருந்து வளர்கிற புற்று. டொக்டர் சொல்லச் சொல்லச் சுகந்தி எனக்குத் தமிழில் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. இது மெதுவாக வளர்கிற ஜாதியாம், அது நல்லது. ஆனால் ஊசி மருந்துக்கும் கரண்டு என்கிற கதிர் பிடிப்பதற்கும் லேசில் மசியாதாம், கத்திதான் வழி. கட்டியை மட்டும் தோண்டி எடுப்பது சரிவராது. சுற்றிலும் கொஞ்சம் நல்ல எலும்பு, நல்ல சதையோடு சேர்த்து, கட்டியைக் கத்தி தொடாமல் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் உலோகத்தில் செய்த எலும்பும் மூட்டும் வைத்துப் பூட்டுவார்கள்.

"அப்ப அம்மாவோட கால் இருக்குமா?" என்று சுகந்தி கேட்டாள்.

டொக்டர் என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். "இருக்கும். நடக்கலாம். மலையில வேல செய்ய ஏலாது. ஆனா கால் இருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. கால் இருக்கும் என்றால் மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் லயத்துக்கு ரோட்டிலிருந்து படி ஏறித்தான் வர வேண்டும், குழாயடிக்குப் போக இறங்க வேண்டும், கக்கூசுக்குப் போக இன்னொரு பக்கம் இறங்க வேண்டும். கால் இல்லாதவளுக்கு அங்கே ஒன்றும் கைக்கெட்டாது.

அந்த உலோக மூட்டு கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்குக் கொஞ்சக் காலம் ஆகும். காசுக் கதையை நான் எழுதப் போவதில்லை, அது எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லி இரண்டு ஊன்றுகோல் கொடுத்தார்கள். புறப்படும்போது டொக்டர் எங்களை மறுபடி கூப்பிட்டார். "எலும்பு உள்ளுக்கு அரிச்சுப்போய் இருக்கு. வலது கால ஊன்றவே கூடாது. ஒடைஞ்சா ரத்தம் பரவும், ரத்தத்தோட வருத்தமும் பரவும். பொறகு கால வச்சிருக்க ஏலாம போகலாம்." சுகந்தி இதை மூன்று தரம் எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். என் வீட்டுக்காரர் மூன்று தரமும் தலையாட்டினார்.

சொன்னபடியே நடந்தார் மனுஷன். என்னை வாசலுக்குக்கூட நடக்கவிடவில்லை. கக்கூசுக்கு முதுகில் தூக்கிக்கொண்டு போவார், கொண்டுவந்து விடுவார். லயத்துப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். "யோகம் அக்காவுக்கு இந்த வயசுல வந்த யோகத்த பாரு!" நானும் சிரித்தேன்.

இதற்கு நடுவில்தான் திருவிழா வந்தது. எங்கள் டிவிசன் மாரியம்மன் கோயில் திருவிழா. பயொப்ஸி எடுத்த அன்றைக்கே என் வீட்டுக்காரர், என்னிடம் சொல்லாமல், என் பெயரில் பால்குடம் வேண்டிக்கொண்டிருந்தார். கால் தங்கினால் என் பொஞ்சாதி பால்குடம் எடுப்பா என்று. டொக்டர் கால் இருக்கும் என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் அம்மனை ஏமாற்றலாமா?

வெளியாருக்கு எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்குடம் எடுக்கிறவர்களுக்கு மஞ்சள் துணியில் காப்புக் கட்டுவார்கள். கட்டிய பிறகு தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டிலில் படுக்கக் கூடாது, நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆற்றங்கரையிலிருந்து குடத்தைத் தலையில் வைத்துப் புறப்பட்டால் அம்மன் தலையில் ஊற்றுகிற வரைக்கும் இறக்கக் கூடாது. வழியில் பால் சிந்தினால் அந்த வீட்டுக்கு ஆகாது. வேண்டுதல் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் குடம் இருக்க வேண்டும்.

சுகந்தி லீவு போட்டு வந்திருந்தாள். "அப்பா, டொக்டர் என்ன சொன்னாரு? மறந்துட்டீங்களா?"

"நடக்கக் கூடாதுன்னாரு."

"அப்புறம்?"

"நடக்கப் போறதில்ல. நான் தூக்கிட்டுப் போறேன். கொடத்த அவ தலையில வச்சுக்கட்டும். கால் நெலத்துல படாது."

எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. டொக்டர் பேச்சையும் தட்டவில்லை, அம்மனுக்கும் குறை வைக்கவில்லை. கோயில் தலைவர்கூட, "தங்கராஜ் யோசன நல்ல யோசன" என்றார். தினமும் என்னைத் தூக்குகிறவர்தானே. எனக்கும் ஆசை இருந்தது. புற்று வந்த காலோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தவளுக்கு, மஞ்சள் சேலை கட்டி எல்லாரோடும் ஆற்றங்கரைக்குப் போவது பெரிய விஷயம். சுகந்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

தினமும் தூக்கும்போது என் இரண்டு கையும் அவர் கழுத்தைப் பிடித்திருக்கும். அன்றைக்கு இரண்டு கையும் குடத்தில். அதனால் என்னை ஒரு பழைய சேலையால் அவர் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். அவர் கைகள் என் தொடைகளுக்குக் கீழே. காலையில் தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. முன்னால் தப்பு மேளம், பின்னால் பெண்களின் குலவை. தேயிலைக்கு நடுவில் வருகிற பாதை முழுக்க ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தார். மூச்சு மட்டும் வாங்கியது.

கோயில் படியில்தான் கால் வழுக்கியது.

முன்பக்கமாக முழங்காலில் போய் விழுந்தார். விழுகிற மனுஷன் கையை ஊன்றத்தானே பார்ப்பான், அவருடைய வலது கை என் காலை விட்டுவிட்டு நிலத்தில் ஊன்றியது. என் கால் கல்படியின் விளிம்பில் மோதியது. தப்புச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. அடுப்புக்கு எரிக்கிற காய்ந்த தேயிலைக் குச்சி, மிலாறு, ஒடிகிற சத்தம். என் கைகள் குடத்தை விடவில்லை. பால் சிந்தவில்லை.

"அம்மா தாயே! சிந்தல! ஒரு சொட்டு சிந்தல!" என்று யாரோ கத்தினார்கள். குலவை இரண்டு மடங்காயிற்று. ஒரு கிழவர் படியில் விழுந்து கும்பிட்டார். நான் "என் கால், என் கால்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அருள் வந்து கத்துகிறேன் என்று நினைத்து ஒரு பெண் எனக்கு வேப்பிலையால் விசிறினாள். சுகந்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் காலைப் பார்த்தாள். பாதம் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"வேன் கூப்பிடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"போகலாம்மா, போகலாம்" என்றார் கோயில் தலைவர். "காப்போட எல்லையத் தாண்டக் கூடாது. பால ஊத்திட்டு, காப்ப அவுத்துட்டுப் போகட்டும். வாசல்ல வந்து நிக்கிறோம், சிந்தாத பால கொண்டுபோய் மண்ணுலயா ஊத்துறது?"

நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். நான் பாலை ஊற்றினேன். அம்மன் முகத்தில் வழிந்த அந்தப் பாலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவளிடம் எனக்கு அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. காப்பை அவிழ்த்த பிறகுதான் வேன் வந்தது.

ஆஸ்பத்திரியில் நரைத்த டொக்டர் படத்தைப் பார்த்தார். என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுகந்தி நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையாம், சிலருக்கு எலும்பு உடைந்தாலும் காலைக் காப்பாற்ற முடியுமாம். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். என் காலில் இரத்தம் மூட்டுக்குள்ளும் தொடையின் பின்பக்கத்திலும் இறங்கி, பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகிற இடம் வரை போய்விட்டது. அது போன இடமெல்லாம் புற்றும் போயிருக்கும். அத்தனையையும் வெட்டி எடுத்தால் காலில் மிச்சம் ஒன்றும் இருக்காது. தொடையின் மேல்பகுதியில் வெட்ட வேண்டும் என்றார்.

சுகந்தி இதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "நான் கைய விட்டுட்டேன், யோகம்" என்றார். அவ்வளவுதான். நீங்கள் விடாமல் இருந்தால் உங்கள் முகம் கல்லில் அடிபட்டிருக்கும் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பதுளை பஜார்க் கடைக்காரர் ஒருவருடைய மனைவி இருந்தார், இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர். எல்லாரும் அவரை முஸ்லிம் முறையில் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு வீட்டிலிருந்து வருகிற சோற்றில் எனக்கு ஒரு பங்கு வைப்பார். வேண்டாம் என்றால் கோபம் வரும். நான் அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை அவருக்குப் பொறுக்க முடியவில்லை. "அழுவுங்களேன் புள்ள. கால் ஒங்கட கால்தானே, அதுக்காக நீங்க அழாம வேற யாரு அழுவுற?" என்றார். அன்றைக்குத்தான் அழுதேன். ராத்தா தன்னால் எழும்ப முடியாது என்பதால் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒப்பரேசன் அன்று காலையில் நர்ஸ் மிஸி வந்து வலது கால் விரலில் இருந்த மெட்டியைக் கழற்றப் பார்த்தார். பாதம் வீங்கி இருந்ததால் வரவில்லை. சோப்பு நுரை போட்டுப் பார்த்தார், நூல் விட்டுப் பார்த்தார். கடைசியில் குறடு கொண்டுவந்து வெட்டினார். வெட்டும்போது "வலிச்சா சொல்லுங்க அம்மா" என்றார். இன்னும் ஒரு மணி நேரத்தில் இல்லாமல் போகிற காலுக்கு அவ்வளவு பதமாக அந்தப் பெண் குறடு வைத்தார். நான் குனிந்து என் பாதத்தைத் தடவினேன். அட்டை கடித்த தழும்பு, வெடிப்பு, நகத்தில் தேயிலைக் கறை. அழகான கால் என்று சொல்ல முடியாது.

கண் விழித்தபோது போர்வை ஒரு பக்கம் மட்டமாக இருந்தது. பார்த்தேன், மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். இல்லாத பாதம் வலித்தது. அரித்தது. பெருவிரல் மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்றது. புத்தி கெட்டுவிட்டதோ என்று பயந்து டொக்டரிடம் சொன்னேன். கால் போன செய்தி மூளைக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை, போகப் போகக் குறையும் என்றார். அறிக்கையும் நல்லதாக வந்தது. வெட்டின விளிம்பில் புற்று இல்லை. இந்தப் புற்று நெஞ்சுக்குப் போகிற வழக்கம் உள்ளது, நெஞ்சிலும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. அதற்காகத் தவறாமல் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எங்களில் யாருக்கும் சந்தோஷப்பட வரவில்லை.

என் வீட்டுக்காரர் பார்வை நேரத்துக்குத் தவறாமல் வருவார். இடது பக்கத்தில்தான் நிற்பார். வலது பக்கம் வரவே மாட்டார். ராத்தா ஸ்டூலை வலது பக்கம் இழுத்துப் போடச் சொல்லியும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் நான் வேறு ஆளாகிவிட்டிருந்தேன். சிந்தாத பாலின் கதை எனக்கு முன்னால் எல்லாத் தோட்டத்துக்கும் போயிருந்தது. உயிரை எடுக்க வந்தது காலோடு போய்விட்டது, அம்மன் காலை வாங்கிக்கொண்டு உயிரைக் கொடுத்துவிட்டாள் என்று பேசினார்கள். என் கையால் துண்ணூறு வாங்க வருகிறார்கள். வெற்றிலை பாக்கு வைத்து, "அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். நான் ஏசித்தான் அனுப்பினேன். அம்மன் கேட்டிருந்தால் நேராகவே கேட்டிருப்பாள், படியில் தள்ளிவிட்டு வாங்க மாட்டாள் என்று ஒருவரிடம் சொன்னேன். அதையும் வாக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரரையும் விடவில்லை. "குடுத்து வச்ச முதுகுய்யா" என்று தட்டிக்கொடுப்பார்கள். அவர் எழும்பி வெளியே போய்விடுவார். என்னைத் தூக்குவதற்கு அவர் தன் தம்பியைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் ஊன்றுகோலில் பழகிக்கொண்டேன். ஒரே வீட்டுக்குள் இருந்தோம், அவர் என்னைத் தொடவில்லை. கால் போனதைவிட அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

போன மாதம் பூனாகலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், பதினைந்து வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை. பிள்ளையைத் தகப்பன் முதுகில் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்திருந்தார். இறக்கிவிட்டதும் அவள் சட்டையை இழுத்து முழங்காலை மூடப் பார்த்தாள். எண்ணெய் வாசம் வந்தது. நான் கட்டை விலக்கிப் பார்த்தேன். இலையை எடுத்ததும், முழங்காலுக்கு மேலே, என் காலில் இருந்த அதே இடத்தில் அதே வீக்கம்.

"படுத்தா வலி கூடுதா?" என்றேன்.

"ஆமாங்க அக்கா. ஒங்களுக்கு எப்புடி தெரியும்?" என்றாள் பிள்ளை.

தாய் என் முன்னால் கை கூப்பினாள். "ஆஸ்பத்திரின்னா வெட்டிப்புடுவாங்கங்கம்மா. நீங்க துண்ணூறு போட்டா போதும். ஒங்க வாக்கு பலிக்கும்னு சொன்னாங்க."

ஏசினால் இன்னொரு இடத்துக்குப் போவார்கள். இன்னொரு எண்ணெய், இன்னொரு கட்டு. நான் துண்ணூறை எடுத்தேன். பிள்ளையின் நெற்றியில் போட்டேன். வாழ்க்கையில் நான் செய்யாத காரியம், கண்ணை மூடிக்கொண்டு உடம்பை ஒரு தரம் உலுக்கினேன். "அம்மா உத்தரவு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னைக்கே போ. எலும்பு டொக்டர பாரு. எண்ணெயும் வேணாம், கட்டும் வேணாம். போகாட்டி எனக்குக் கோவம் வரும்" என்றேன். அம்மன் பெயரில் நான் சொன்ன பொய் அது. அவளுக்கும் எனக்கும் உள்ள கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

தாய் நடுங்கிப்போய் விழுந்து கும்பிட்டாள். "இப்பவே போறோம்மா" என்றாள். தகப்பன் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"முதுகுல தூக்காதீங்க!"

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோடரியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்கள் மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துக் கட்டினார். அலமாரியின் தட்டுப் பலகையை உருவினார். என் பழைய சேலையைக் கிழித்து, பிள்ளையின் காலைப் பலகையில் நீட்டி வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்காமல் கட்டினார். ஆஸ்பத்திரியில் என் காலுக்குக் கட்டியதை நின்று பார்த்திருக்கிறார், அதேபோல் கட்டினார். "வலிக்குதா, புள்ள?" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் கேட்டார். லயத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். தான் தூக்கவில்லை. முன்னால் இறங்கி, படியில் கிடந்த கல், குச்சி, வாழைத்தோல் எல்லாவற்றையும் குனிந்து குனிந்து எடுத்து எறிந்துகொண்டே போனார். வழுக்குகிற இடம் வந்ததும் அவர்களை நிறுத்தி, பாசியைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வரச் சொன்னார். ரோட்டில் வேன் பிடித்து அவரும் கூடவே போய்விட்டார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சோறு ஆக்கவில்லை. மழை வந்து ஓய்ந்தது, மறுபடி வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் படி ஏறி வந்தார், தலை முதல் கால் வரை நனைந்து.

வந்தவர் இடது பக்கம் போகவில்லை. வலது பக்கத்தில், கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

"படம் புடிச்சிப் பாத்தாங்க, யோகம்" என்றார். "கட்டி இருக்கு. மத்தது இனிமேதான் தெரியும்னாங்க. ஆனா ஒடையல. நான் கேட்டேன், அந்த டொக்டர்கிட்டயே போயி கேட்டேன். ஒடையலன்னாரு."

நான் சரிங்க என்றேன்.

"ஒடையல, யோகம்" என்று மறுபடி சொன்னார். சொல்லிவிட்டு என் மடியில் தலையை வைத்து, லயத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அழுதார்.